யார்கிட்டயும் கேக்காம

வாங்க வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும் தம்பி, பனி ஈரம் எல்லார் ஊட்டுலயும் இருக்கறதுதான். அம்மணி, நீ இந்தச் சோபாவுல உக்காரு. அது வேண்டாம், அது உள்ள அமுங்கும், எந்திரிக்கச் சிரமப்படுவ. அஞ்சாம் மாசமா? முடிஞ்சு ஆறா? நல்லது. தண்ணி குடிக்கறியா? சுடுதண்ணி வெச்சிருக்கேன்.

ஊடு பாக்கறது சித்த நேரம் கழிச்சுப் பாக்கலாம். ஊடு எங்கயும் ஓடிராது. ஓடறது ஓடிருச்சு.

நீங்க தாராபுரமுங்களா? நமக்கு கோபி. ஈஸ்வரமூர்த்தின்னா கம்பெனில எல்லாருக்கும் தெரியும், கம்ப்யூட்டர் சிப்பு செய்யற பக்கம் பத்து வருஷமா இருக்கறேன். நீங்களும் அங்கதான் சேந்திருக்கறீங்கன்னு வாட்ஸாப்புல பார்த்தேன். நல்ல கம்பெனி. நல்ல ஊரு. இந்த நாட்டுல பாய்சி மாதிரி ஊரு கெடைக்காதுங்க. ஆத்தோரம் நடக்கலாம், நெரிசல் இல்ல, நம்ம சனங்க ஒரு இருபது குடும்பம். சண்டைக்குப் போதும், நோம்பிக்கும் போதும்.

அப்பறம் ஏன் விக்கறீங்கன்னு கேட்டீங்க. கேக்க வேண்டியதுதான். எல்லார்கிட்டயும் வேலை மாத்தம்னு சொல்லீட்டு இருக்கறேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன? எம்பொண்டாட்டி இந்த ஊரை உட்டுட்டுப் போயிட்டாளுங்க. வாணி. கோகிலவாணி. பிரசவ டாக்டரு. இப்ப போர்ட்லண்டுல இருக்கறா. ஸ்டேட்டே வேற. கார்ல போனா ஒரு பொழுது பூரா ஆகும். அவ போனதுக்குக் காரணம் ஒருத்தன். கெவின்னு பேரு. வக்கீலு.

அட, நீ ஏன் அம்மணி மூஞ்சிய அப்படி வெக்கற? அசிங்கமா ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நானே சொல்றேன், கேளு.

இந்த ஸ்டேட்டுல ஒரு சட்டம் வந்துச்சுங்க, ரெண்டாயிரத்து இருவத்திரெண்டுல. கர்ப்பத்தக் கலைச்சா டாக்டருக்கு ஜெயிலு. வருஷக்கணக்குல ஜெயிலு. லைசென்சும் போயிரும். தாயோட உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் செய்யலாம். அந்த ஆபத்து எவ்வளவு இருக்கணும்னு எழுதலயாம். காச்சல் வந்தாப் போதுமா, நெனவு தப்பணுமா, அது எவனுக்கும் தெரியாது. அதனால ஆஸ்பத்திரிக்காரங்க என்ன பண்ணாங்க, ஒரு வக்கீல வெச்சாங்க. சந்தேகம் வந்தா அவனைக் கேட்டுட்டுச் செய்யுங்கன்னு. சந்தேகம் வராத நாளே இல்லைங்க எங்கூட்ல.

சோறு தின்னுட்டு இருப்போம். போன் வரும். "எஸ் கெவின்" அப்படின்னு எந்திரிப்பா. எஞ்சோறு ஆறும், அவ சோறு ஆறும். கதவைச் சாத்திக்குவா. நோயாளி சமாச்சாரம் வெளிய கேக்கக் கூடாதாம். சரி, கேக்கக் கூடாது. ஆனா அந்தப் பக்கம் கெவினுக்கு மட்டும் கேக்கலாமா? சந்தைக்குப் போனா கெவினு. சினிமாவுக்குப் போனா பாதியில கெவினு. எங்கப்பனுக்கு ஊர்ல ஆப்பரேஷன், நான் அழுதுட்டு நிக்கறேன், அப்பவும் ஒரு கையில என்னைப் புடிச்சுட்டு இன்னொரு கையில கெவினு. அவன்கிட்டக் கொஞ்சி ஒண்ணும் பேசமாட்டா, அதையும் நான் சொல்லணுமில்ல. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்கேன். "இப்பச் செய்யலாமா? இப்ப? இன்னும் எவ்வளவு ரத்தம் போகணும் கெவின்?" இதையே தான் கேப்பா. கொரலு ஒடையும். எங்கிட்டப் பேசறப்ப அந்தக் கொரலு ஒரு நாளும் ஒடைஞ்சதில்லைங்க.

எனக்கு வயிறு எரியும். மறைக்கறதுக்கு என்ன இருக்குது? பொறாமைதான். தாலி கட்டுனவன் நானு. அவளுக்கு ஒரு கஷ்டம்னா மொதல்ல எவனைக் கூப்படறா பாருங்க.

அந்த நேரத்துல ஆஸ்பத்திரில இருக்கற பிரசவ டாக்டருங்க ஒவ்வொருத்தரா கெளம்ப ஆரம்பிச்சாங்க. வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு ஒருத்தரு, மினசோட்டாவுக்கு ஒரு அம்மா. ஒவ்வொரு பிரிவு விருந்துக்கும் வாணி பாயசம் வெச்சு எடுத்துட்டுப் போவா. காலியான ஏனத்தோட திரும்பி வந்து கார்லயே உக்காந்திருப்பா, உள்ள வரமாட்டா. புதுசா ஆள் எடுக்கறதுக்கு இவதான் பேசணும். படிச்சு முடிச்ச புள்ளைங்க கம்ப்யூட்டர்ல வருவாங்க. நான் சமையக்கட்டுல இருந்து கேப்பேன். ஒரு புள்ள கேட்டுச்சு, "டாக்டர், வக்கீல் நம்பரு உங்களுக்கு மனப்பாடமா?"ன்னு. இவ "ஆமா"ன்னா. அந்தப் புள்ள வேலைக்கு வரல.

எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. அந்தப் புள்ள வராததுக்கு இல்லைங்க. எந்நம்பரைக் கேட்டா வாணி போனைப் பார்த்துத்தான் சொல்லுவா. கெவின் நம்பரு மனப்பாடம்.

தண்ணி போதுமா அம்மணி? ஆரஞ்சு உரிச்சுத் தரட்டுமா? இரு, வர்றேன்.

இந்தா. கொட்டையில்லாதது.

போன பொங்க நோம்பிக்கு எங்கூட்லதான் எல்லாருக்கும் பொங்க வெக்கறதுன்னு ஏற்பாடு. வெளிய முழங்கால் ஆழத்துக்குப் பனி. அதனால கார் நிறுத்தற கராஜ்ல கதவைத் தூக்கி உட்டுட்டு, உள்ளயே கேஸ் அடுப்பு வெச்சு, கரும்பு கட்டி, கோலம் போட்டு எல்லாம் ஆச்சு. பானை பொங்கறப்ப புருஷனும் பொண்டாட்டியும் சேந்து அரிசி போடணும். ஊர்ல இருந்து எங்கம்மா, எங்கப்பா, ஒறம்பரை எல்லாரும் வீடியோவுல பாக்கறாங்க. எனக்கு அது முக்கியமுங்க. அந்த ஒரு பொழுதாவது அவ எம்பக்கத்துல நிக்கணும்.

வெடியால வாணி சொன்னா, "மாமா, இன்னைக்கு மட்டும் போன் எங்கையிலயே இருக்கணும். நேத்துச் சேத்த ஒரு பொண்ணு, பதினெட்டு வாரம், தண்ணி ஒடஞ்சிருச்சு. கொழந்த பொழைக்காது. ஆனா இதயம் இன்னும் துடிக்குது. அதனால கை வெக்க முடியல. காச்சல் ஏற ஆரம்பிச்சா கெவின் கூப்படறேன்னு சொல்லீருக்கார், சரின்னு சொன்ன ஒடனே நான் போயாகணும். இன்னைக்கு வார்டுல இருக்கறவரு வெளியூருலருந்து வாடகைக்கு வந்த டாக்டரு, நான் இல்லாம தொடமாட்டேங்கறாரு."

நல்லாத்தான் கேட்டேன். தலையும் ஆட்டுனேன். ஆனா எங்காதுல உழுந்தது என்னன்னா, "கெவின் கூப்படறேன்னு சொல்லீருக்கார்". பொங்கலன்னைக்கு. எங்கூட்டுப் பொங்கலன்னைக்கு.

அவ குளிக்கப் போனா. போன் மேசை மேல இருந்துச்சு. எடுத்தேன். எங்க வெக்கறதுன்னு பார்த்தேன். எங்கூட்ல ரெண்டு அரிசி டப்பா. பச்சரிசி ஒண்ணு, புழுங்கலரிசி ஒண்ணு. பொங்கலுக்கு பச்சரிசிதான் எடுப்பாங்க, புழுங்கலரிசி டப்பாவ அன்னைக்கு ஒருத்தரும் தொறக்க மாட்டாங்க. அதுக்குள்ள கையை உட்டு அடியில வெச்சு மூடீட்டேன். சத்தமும் அமுக்கி உட்டேன். ஒரு ரெண்டு மணி நேரந்தான், பொங்கி முடிஞ்சா எடுத்துக் குடுத்தர்றதுன்னு. நீங்களே சொல்லுங்க, ரெண்டு மணி நேரம் ஒரு புருஷன் கேக்கக் கூடாதா?

குளிச்சுட்டு வந்து தேடுனா. நான் "கார்ல வெச்சிருப்ப"ன்னேன். கார்ல தேடுனா. மாடில தேடுனா. உங்க போன்ல இருந்து கூப்பிடுங்கன்னா. என் போன்ல வீடியோ ஓடுது, எங்கம்மா பேசீட்டு இருக்காங்க, எப்படிக் கட் பண்றது? அதுக்குள்ள ஆளுங்க வந்துட்டாங்க. பானை ஏத்தியாச்சு. வாணி பட்டுச்சேலை கட்டி நிக்கறா, கண்ணு அங்கயும் இங்கயும் அலையுது. ஆஸ்பத்திரில இருந்து என் நம்பருக்கும் ரெண்டு மூணு தடவ வந்துச்சு. தெரியாத நம்பரு. வீடியோ நின்னுரும்னு கட் பண்ணி உட்டுட்டேன்.

பொங்குச்சுங்க. நல்லாப் பொங்குச்சு. நானும் அவளும் கை மேல கை வெச்சு அரிசி போட்டோம். வந்தவங்க எடுத்த வீடியோ இன்னும் வெச்சிருக்கேன், காட்டறேன் பாருங்க. இந்தா, இது. நல்லா இருக்கறமில்ல? அவ கேமராவப் பாக்கல, அதுதான் கொற.

சாப்பாட்டுக்கு ஆளுங்க உக்காந்த நேரம். நம்ம கார்த்தியாயினி, நீங்க குரூப்ல பார்த்திருப்பீங்க, அந்தப் புள்ள சமையக்கட்டுல தண்ணி எடுக்கப் போனது, அங்கிருந்து கத்துது. "வாணிக்கா, அரிசி டப்பா நடுங்குது!"

சத்தத்தத்தான் அமுக்குனேன். நடுக்கத்த அமுக்கல. அது எனக்குத் தோணலைங்க.

வாணி கையை உட்டு எடுத்தா. அரிசி தரையெல்லாம் செதறுச்சு. போனைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பட்டுச்சேலையோட, கால்ல செருப்பு இல்லாம, பனியில எறங்கி காரெடுத்துட்டுப் போயிட்டா. இருபது குடும்பமும் பாக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? கெவின் கூப்பிட்டதும் ஓடறா. எல்லாரும் அப்படித்தானே நெனைச்சிருப்பாங்க?

நெனைக்கலயா? என்ன அம்மணி தலையாட்டற?

சரி. அந்தப் பொண்ணு பொழைச்சுக்குச்சு. உசுருக்கு ஒண்ணும் ஆகல. கெவினு காலையிலயே சரின்னு சொல்லீட்டாராம், காச்சல் ஏறுன ஒடனே. இவ போய்ச் சேர்றதுக்குள்ள கிருமி ரத்தத்துல ஏறிருச்சாம். கர்ப்பப்பைய எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்தப் பொண்ணுக்கு இருபத்தி நாலு வயசாம். மொதக் கொழந்தையாம். நான் கேட்டேன், உசுரு இருக்குதில்ல, அப்பறம் எதுக்கு இப்படி உக்காந்திருக்கறன்னு. வாணி சமையக்கட்டுத் தரையில உக்காந்து அரிசியப் பொறுக்கீட்டு இருந்தா. நிமுந்து பார்த்தா. கத்துவான்னு நெனைச்சேன். கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், சரியாப் போயிருக்கும்.

"மாமா, நான் பக்கத்துல இருந்தப்ப அவர் சரின்னு சொல்லல. அவர் சரின்னு சொன்னப்ப நான் பக்கத்துல இல்ல. அந்தப் பொண்ணுக்கு என்ன செய்யணும்னு எனக்கு மொத நாளே தெரியும். இனிமே யார்கிட்டயும் கேக்காம வேலை செய்யற ஊருக்குப் போறேன்." இதுதான் சொன்னா. கொரலு ஒடையல.

பாத்தீங்களா? யார்கிட்டயும் கேக்காமன்னா என்ன அர்த்தம்? புருஷன்கிட்டயும் கேக்காமன்னு தானே? ரெண்டு மாசத்துல, இந்தச் சட்டம் இல்லாத போர்ட்லண்டுல வேலை வாங்கீட்டா. நான் வரட்டுமான்னு கேட்டேன். "வரணும்னா வாங்க"ன்னா. அதென்ன பேச்சுங்க, வரணும்னா வாங்க? ஒரு பொண்டாட்டி பேசற பேச்சா?

அவ போனதுக்கப்பறம் நான் அந்தக் கெவினைப் பாக்கப் போனேன். ஆமாங்க, நேரா போயிட்டேன். அவனும் மூட்டையக் கட்டீட்டு போர்ட்லண்டுக்குப் போயிருப்பான்னு நெனைச்சேன். போகல. இங்கயேதான் இருக்கறான். உள்ள கூப்பிட்டான். பார்த்தா கெழவன். எங்கப்பன விட ஒண்ணு ரெண்டு வயசு கம்மியா இருப்பான். காதுல மிஷினு. மேசை மேல பேரப்புள்ளைங்க படம். எழுந்து நின்னு எங்கையப் புடிச்சுட்டு "ஐ ஆம் சாரி"ங்கறான். எதுக்குடா நீ சாரி சொல்றன்னு எனக்குப் புரியல. "உங்க மனைவி மாதிரி டாக்டர நான் பார்த்ததில்ல. இத்தன வருஷமா அவங்க எங்கிட்டக் கேட்டது ஒரே கேள்விதான், இப்பச் செய்யலாமான்னு. நான் அதிகமாச் சொன்னது, இன்னும் கொஞ்சம் பொறுங்க. எனக்கு மருத்துவம் தெரியாது மிஸ்டர் மூர்த்தி. சட்டத்துல என்ன எழுதியிருக்குதுன்னு மட்டுந்தான் தெரியும். அதுல சரியா எழுதல." அப்படீன்னு சொல்லீட்டுக் கண்ணாடியக் கழட்டித் தொடைக்கறான்.

கெழவன்னு தெரிஞ்சதும் மனசு கொஞ்சம் லேசாச்சுங்க, பொய் சொல்லல. ஆனா கார்ல வந்து உக்காந்ததும் மறுபடி எரிய ஆரம்பிச்சுது. இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவையாவது அவ கேட்டிருக்கறாளா, இப்பச் செய்யலாமா மாமான்னு? ஒரு சேலை எடுக்கறதுக்குக் கூடக் கேட்டதில்ல.

அப்பறம் போர்ட்லண்டுக்குப் போனேன். ரெண்டு தடவ. மொதத் தடவ போனப்ப அவ சாப்புட்டுட்டு இருந்தா. போன் மேசை மேல மல்லாக்கக் கெடக்குது. நான் அதையே பாத்துட்டு இருக்கறேன். அடிக்கல. தட்டு காலியாச்சு, கை கழுவுனா, அடிக்கல. ஆஸ்பத்திரில இருந்து ஒரு தடவ வந்துச்சு. எடுத்தா, "செஞ்சிருங்க, நான் வர்றேன்" அப்படீன்னா, வெச்சுட்டா. அவ்வளவுதான். கதவைச் சாத்தல. யாரையும் கேக்கல. போறப்ப சிரிச்சுட்டுப் போனா. பக்கத்து ஊட்டு அம்மாவப் பார்த்துச் சிரிக்கறா, பஸ் ஓட்டறவனப் பார்த்துச் சிரிக்கறா. உடம்பு தேறீருச்சு. இந்த ஊட்டுல எங்கூட இருந்தப்ப அந்தச் சிரிப்பு எங்க போச்சு? நான் செஞ்சு குடுக்காதத அந்த ஊரு என்ன செஞ்சு குடுத்துச்சு? இப்ப எனக்கு கெவின் மேல ஒண்ணும் இல்லைங்க. அந்த ஊரு மேலதான். ஒரு ஊரு மேல பொறாமப்படற பைத்தியக்காரன இங்கதான் பாப்பீங்க.

ரெண்டாந்தடவ போனப்ப, அந்த அரிசி விஷயத்துக்கு என்னை மன்னிச்சியான்னு கேக்கலாம்னு போனேன். ஆனா வாயில வந்தது, "இங்க யாரு கூடப் பேசீட்டு இருக்கற?" அதுக்கப்பறம் என் போனை எடுக்கறதில்ல. மெசேஜ் போட்டா, "டூட்டில இருக்கேன்"னு வரும். டூட்டில இல்லாத நேரமே கெடையாதா ஒரு மனுஷிக்கு?

சரி, வாங்க தம்பி, மேல ரெண்டு ரூமு இருக்குது. கொழந்தைக்குத் தனி ரூமு...

என்ன அம்மணி? ஆமா, கேளு.

இங்க பிரசவத்துக்கு டாக்டரா?

அது... இருக்கறாங்க. இருப்பாங்க. வாணி இருந்த ஆஸ்பத்திரில இப்ப கொஞ்சம் ஆள் கம்மி. பொழுதோட போன் பண்ணுனா ரெண்டு மாசம் கழிச்சு நாள் குடுப்பாங்க. அதுக்கென்ன, உனக்கு நல்லாத்தானே இருக்குது? இல்லையா? என்ன, ரத்தக்கொதிப்பா? போன தடவ... ஓ. போன தடவ நாலாம் மாசத்துல போயிருச்சா. சேலத்துல இருந்தப்ப. ஒடனே சுத்தம் பண்ணாங்களா. சரி. அழுவாத. அழுவாத சாமி. தம்பி, அந்த டிஷ்யூ டப்பாவ எடுங்க.

நான் வாணியவே கேட்டுச் சொல்றேன். இரு. இந்த விஷயத்துல அவளை மிஞ்ச ஆள் இல்ல.

அடிக்குது.

எடுக்க மாட்டா. நாந்தான் சொன்னனே.

நீ கூப்புடு அம்மணி. உன் போன்ல இருந்து. நம்பரு சொல்றேன், எழுதிக்க. எனக்கு மனப்பாடம். இந்த ஊருலருந்து, புள்ளத்தாச்சின்னு மட்டும் சொல்லு. எம்பேரச் சொல்லாத.

பாத்தியா. மொத ரிங்கு முடியல, எடுத்துட்டா.

பேசு. வெக்கப்படாத, எல்லாத்தையும் சொல்லு. போன தடவ ஆனதையும் சொல்லு. கொதிப்பு எவ்வளவுன்னு சொல்லு.

என்னங்கறா? ஊடு இப்ப வாங்க வேண்டாங்கறாளா? பிரசவம் வரைக்கும் இந்த ஸ்டேட்டுலயே இருக்க வேண்டாமா? அங்க வந்தா அவளே பாத்துக்கறாளாமா? அவ ஊட்டுலயே தங்கிக்கச் சொல்றாளா... உன்னைய?

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? பரவால்ல, போங்க. போயிட்டு வாங்க. ஊடு கெடக்கட்டும். வேற யாராவது வருவாங்க.

ஆனா அம்மணி, நீ மட்டும் போனை வெச்சராத. இன்னும் ஏதாச்சும் கேளு. என்ன வேணா கேளு, அவ சொல்லுவா. ஸ்பீக்கர்ல போடு சாமி. நான் பேசமாட்டேன். நான் இங்க இருக்கறேன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்.